ரத்தத்துக்கு மஞ்சளும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிறு முதலீட்டுத் திகில் படங்களைப் பற்றி உங்கள் திரைப் பக்கத்தில் வந்த கட்டுரை, அவற்றை டிஸ்க்காக வாங்கிச் சேர்ப்பவர்களைக் கொஞ்சம் கிறுக்கர்கள் போலவும், படத்தின் ஓட்டை உடைசலைப் பார்த்துச் சிரிக்கத்தான் அவர்கள் வாங்குகிறார்கள் என்பது போலவும் சொல்லி முடித்துவிட்டது. சிரிப்பவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் சிரிக்க ஒருமுறை பார்த்தால் போதும். ஒரே படத்தை டேப்பிலும் டிவிடியிலும் புளூரேயிலும் மூன்று தடவை காசு கொடுத்து வாங்குகிறவர்கள் வேறு எதையோ பார்க்கிறார்கள். அவர்கள் பார்ப்பது வேலையை. கையில் காசில்லாதவர்கள் ஒரு சிக்கலை எப்படி அவிழ்த்தார்கள் என்பது இந்தப் படங்களில் மூடி மறைக்கப்படாமல் திரையிலேயே கிடக்கிறது. தியேட்டரில் அது கண்ணில் படுவதற்குள் ஓடிவிடும். வீட்டில் நிறுத்தி, பின்னால் ஓட்டி, ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தினால்தான் பிடிபடும்.

முதலில் ரத்தம். மேக்கப் கலைஞர் டிக் ஸ்மித்தின் கலவை பல பத்தாண்டுகளாகக் கைமாறிக் கைமாறி வந்துகொண்டிருக்கிறது: வெள்ளை கார்ன் சிரப் ஒரு குவார்ட், அதாவது சுமார் 950 மி.லி.; சிவப்பு உணவுச்சாயம் 2 அவுன்ஸ்; மஞ்சள் உணவுச்சாயம் 5 டீஸ்பூன்; கெடாமலிருக்க மெத்தில் பாரபென் தலைதட்டி ஒரு டீஸ்பூன்; கடைசியாக கோடக் ஃபோட்டோ-ஃப்ளோ 2 அவுன்ஸ். புதிதாகக் கலக்குபவர்கள் விட்டுவிடுவது மஞ்சளை. சிவப்புச் சாயம் மட்டும் போட்டால் கிண்ணத்தில் நன்றாகத்தான் தெரியும். மெல்லிய படலமாகத் தோலில் வழியும்போது ஊதா கலந்த ரோஸ் நிறமாகிவிடும். மஞ்சள்தான் அதை நிஜ ரத்தத்தின் பக்கம் இழுக்கிறது. ஃபோட்டோ-ஃப்ளோ என்பது, கழுவிய ஃபிலிமில் நீர்த்திட்டு விழாமலிருக்கக் கடைசியாக முக்கி எடுக்கும் திரவம். சிரப்பில் அது சேர்ந்தால் ரத்தம் துணிமேல் முத்து முத்தாக நிற்காமல் ஊறிப் பரவும். ஆனால் அது விஷம். வாயில் ரத்தம் வழியும் காட்சிக்கு அந்தக் கலவையைத் தொடவே கூடாது. அதற்கு ஃபோட்டோ-ஃப்ளோ சேர்க்காமல் தனிப் பாத்திரத்தில் கலக்க வேண்டும். இரண்டு பாத்திரத்திலும் பெயர் எழுதி ஒட்ட வேண்டும்.

கார்ன் சிரப்பின் பெரிய தொல்லை, அது காய்ந்தால் சர்க்கரை. ‘தி ஈவில் டெட்’ படப்பிடிப்பில் நடிகர் புரூஸ் கேம்பெல்லின் ரத்தம் ஊறிய சட்டையைத் தீக்கருகில் உலர்த்தப்போய், அது விறைத்து, போட்டுக்கொள்ளப் பார்த்தபோது உடைந்தே போனது. கிழியவில்லை, உடைந்தது. காய்ந்த சிரப் பளபளக்கும், தோலை இழுக்கும். அதனால் ஒவ்வொரு டேக்குக்கும் புதிதாகப் பூசுவார்கள். பூசும்போது கோடு இடம் மாறும். நல்ல டிஸ்க்கில் பார்த்தால், ஒரு ஷாட்டில் காதோரம் இறங்கிய ரத்தம் அடுத்த ஷாட்டில் தாடைக்குப் போயிருக்கும். நடுவில் சாப்பாட்டு இடைவேளை வந்திருக்கிறது என்று அர்த்தம். கறுப்பு வெள்ளையில் இந்தப் பாடெல்லாம் இல்லை. நிறம் பொருட்டல்ல, அடர்த்தி போதும் என்பதால் 1968-இல் வந்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ படத்துக்குச் சாக்லேட் சிரப்பே போதுமானதாக இருந்தது.

அடுத்தது ஃபிலிம். அகலம் குறைந்த 16 எம்எம் ஃபிலிமில் ஏன் எடுத்தார்கள் என்பதற்குக் கணக்கே பதில் சொல்லும். ஒரு அடி 16 எம்எம் ஃபிலிமில் 40 ஃபிரேம். 35 எம்எம்மில் 16 தான். வினாடிக்கு 24 ஃபிரேம் என்றால் 90 நிமிடப் படத்துக்கு 16 எம்எம்மில் 3,240 அடி, 35 எம்எம்மில் 8,100 அடி. திரைக்கு வரும் நீளத்தைப்போல் ஐந்து மடங்கு சுட்டார்கள் என்று வைத்துக்கொண்டால் 16,200 அடிக்கும் 40,500 அடிக்கும் உள்ள வித்தியாசம் அது. டெவலப் செய்வதும் அடிக்கணக்குதான். கேமராவும் சிறியது, இரண்டு பேர் தூக்கி ஓடலாம்.

சேமித்த காசுக்கு விலை பிறகு வரும். 16 எம்எம் ஃபிரேமின் பரப்பு, அகாடமி எனப்படும் வழக்கமான 35 எம்எம் ஃபிரேமில் ஏறக்குறைய நாலரையில் ஒரு பங்கு. தியேட்டருக்காக அதை ஆப்டிகல் பிரின்டரில் 35 எம்எம்முக்குப் பெருக்கும்போது ஃபிலிமில் படத்தை உருவாக்கும் நுண்துகளும் (கிரெயின்) பெருகும், நிழல்கள் மண்டிக் கறுக்கும். ‘தி டெக்ஸாஸ் செயின் சா மாசக்கர்’ (1974) 25 ஏஎஸ்ஏ ஒளியுணர் வேகம் கொண்ட 16 எம்எம் ஃபிலிமில் எடுக்கப்பட்டது. அவ்வளவு மந்தமான ஃபிலிம் வெளிச்சத்தை விழுங்கிக்கொண்டே இருக்கும். அதனால்தான் அந்தப் படத்தில் அத்தனை வெயில், வீட்டுக்குள்ளேயும் அத்தனை விளக்கு. அந்தச் சூட்டில் நடிகர்கள் வியர்ப்பதற்கு மேக்கப் தேவைப்பட்டிருக்காது.

பேய் ஓடுவதுபோன்ற கேமரா ஓட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘தி ஈவில் டெட்’ குழுவிடம், ஆட்டமில்லாமல் எடுக்க உடம்பில் மாட்டிக்கொள்ளும் ஸ்டெடிகேம் இல்லை. ஒரு நீளமான மரச்சட்டத்தின் நடுவில் கேமராவை முடுக்கி, இரண்டு முனையையும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் ஓடினார்கள். ஒருவர் கையில் வைத்து ஓடினால் ஒவ்வொரு காலடியும் நேராகப் படத்தில் குதிக்கும். சட்டத்தில் அப்படியில்லை. ஒரு முனை ஒரு அங்குலம் துள்ளினால் நடுவில் அரை அங்குலம்தான்; இரண்டு பேரின் காலடியும் ஒரே நேரத்தில் விழாததால் ஒன்றை ஒன்று ஓரளவு தின்றுவிடும். மிச்ச ஆட்டத்தை வைட் லென்ஸ் விழுங்கும். கேமராவைத் தரையோடு தரையாக வைத்தால் புல்லும் சருகும் லென்ஸை உரசிப் போகும், வேகம் இரட்டிப்பாகத் தெரியும். டெலி லென்ஸ் மாட்டி இதைச் செய்து பார்த்தவர்கள் கையில் கிடைப்பது வெறும் கலங்கல். சட்டம் குட்டையாக இருந்தாலும் பலன் போய்விடும்.

ரிவர்ஸ் ஷாட் இன்னொரு பழைய கைவேலை. முகத்தில் கத்தி வந்து நிற்க வேண்டும் என்றால், முகத்தருகே நிற்கும் கத்தியை வெடுக்கென்று பின்னால் இழுத்து, அதைத் தலைகீழ் வரிசையில் ஓட்டுவார்கள். நடிகருக்கு ஆபத்து குறைவு, குறியும் தப்பாது. லேபில் காசு கொடுக்க முடியாதவர்கள் கேமராவையே தலைகீழாகப் பிடித்துச் சுட்டு, டெவலப் ஆன ஃபிலிமை முனை மாற்றித் திருப்பி ஒட்டுவார்கள். படம் நிமிர்ந்துவிடும், ஓட்டமும் பின்னோக்கிப் போகும். இதற்கு இரண்டு ஓரமும் துளையுள்ள ஃபிலிம் வேண்டும். ஒரு ஓரம் மட்டும் துளையுள்ளதில் செய்தால் துளைக்காக ஃபிலிமைப் புரட்டிப்போட வேண்டிவரும். இடம் வலமாகும், ரசாயனப் பூச்சு மறுபக்கம் போவதால் ஃபோகஸும் நழுவும். டிஸ்க்கில் இந்த ஷாட்களைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: கத்தியைப் பார்க்காதீர்கள், புகையைப் பாருங்கள். காற்றில் கலைய வேண்டிய புகை ஒன்றுகூடும். அசைந்து அடங்க வேண்டிய கூந்தல், அடங்கிய நிலையிலிருந்து அசையத் தொடங்கும்.

இந்த வகையில் பாடப்புத்தகம் என்றால் பீட்டர் ஜாக்சனின் ‘பேட் டேஸ்ட்’ (1987). நியூசிலாந்தில் நண்பர்களை வைத்து வார இறுதிகளில் நான்கு ஆண்டுகள் எடுத்த படம். போலெக்ஸ் கேமரா, சாவி கொடுத்தால் ஓடுவது. முழுச் சாவிக்கு அரை நிமிடம்கூட ஓடாது. ஆகவே அதைவிட நீளமான ஷாட் அந்தக் கேமராவில் பிறக்க வழியே இல்லை. படத்தின் வெட்டு வேகத்தை ரசனை என்று விமர்சகர்கள் எழுதலாம். அதில் பாதி சுருள்வில்லின் ரசனை. இப்படிப்பட்ட கேமரா கடகடவென்று சத்தம் போடும், வேகமும் சீராக இருக்காது, ஸ்பாட்டில் ஒலிப்பதிவு செய்தால் உதட்டோடு ஒட்டாது. குரல், காலடி எல்லாமே பிறகு சேர்த்தவைதான். வேற்றுக்கிரக முகமூடிகளை ஜாக்சன் தன் அம்மாவின் சமையலறை ஓவனில் வேகவைத்தார். இரண்டு வேடத்திலும் அவரே நடித்து, பாறை விளிம்பில் தன்னோடு தானே சண்டை போடுகிறார். ஒரு வேடத்துக்குத் தாடி, மற்றதுக்கு இல்லை. இரண்டு பக்கத்து ஷாட்களுக்கும் நடுவே எவ்வளவு காலம் என்பதை வானத்தின் வெளிச்சத்தைக் கவனித்தால் ஊகிக்கலாம்.

இப்படிப்பட்ட படங்கள் வீட்டுக்குள் வந்த கதை தனி. வீடியோ கேசட் வந்த புதிதில் பெரிய ஸ்டூடியோக்கள் மிரண்டு நின்றன. வீட்டில் பதிவு செய்வது சட்டப்படி சரியா என்ற சோனி பீட்டாமேக்ஸ் வழக்கு 1984-இல்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 5-க்கு 4 என்ற கணக்கில் முடிந்தது. இதற்கிடையில் வாடகைக் கடைகள் திறந்தாகிவிட்டது, அலமாரி நிரம்ப வேண்டும். அந்த இடத்தில்தான் சிறு படங்கள் நுழைந்தன. நட்சத்திரம் கிடையாது, விளம்பரம் கிடையாது. அட்டைப் படம் ஒன்றுதான் விற்க வேண்டும். அட்டையில் இருந்த அரக்கன் படத்தில் இல்லாமல் போவதும் சகஜம். 1985-இல் ஓக்லஹோமாவின் டல்சாவில் எடுத்த ‘பிளட் கல்ட்’, தியேட்டரை நினைக்காமல் வீடியோ கடைக்கென்றே எடுத்த முதல் படம் என்று சொல்லி விற்கப்பட்டது.

பிரிட்டனில் நடந்தது வேறு. அங்கே ஆரம்பத்தில் வீடியோவுக்குத் தணிக்கைச் சான்று வேண்டும் என்ற சட்டமே இல்லை. பத்திரிகைகள் கூச்சல் போட்டன, போலீஸ் கடைகளில் கேசட்டுகளை அள்ளியது, அரசு வழக்குத் துறையின் பட்டியலில் மொத்தம் 72 படங்கள் ஏறின. அவற்றில் 39 படங்கள்மேல் தொடுத்த வழக்குகள் வென்றன. வீடியோ ரெக்கார்டிங்ஸ் சட்டம் 1984-இல் வந்தது. அந்தச் சட்டத்தை ஐரோப்பிய ஆணையத்துக்கு முறைப்படி தெரிவிக்கவே இல்லை என்பது 2009-இல் தெரியவந்து, 2010-இல் மறுபடி நிறைவேற்றினார்கள். தடைப்பட்டியல் செய்த ஒரே உருப்படியான காரியம், சேகரிப்பவர்களுக்கு ஒரு வாங்கும் பட்டியலைத் தயாரித்துக் கொடுத்ததுதான். அதிலுள்ள பல படங்கள் சலிப்பூட்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தடை, வெட்டு, கவனக்குறைவு மூன்றும் சேர்ந்துதான் இன்றைக்கு டிஸ்க் வாங்குவதைச் சிக்கலாக்கியிருக்கின்றன. ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ படத்துக்குக் கடைசி நேரத்தில் பெயரை மாற்றியபோது, பழைய தலைப்பு அட்டையில் இருந்த காப்புரிமை வாசகம் புதிய அட்டையில் விழவில்லை. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்த ஒரு வரி போனால் உரிமையே போய்விடும். யார் வேண்டுமானாலும் கேசட் போடலாம் என்றானது, போட்டார்கள். தேய்ந்த 16 எம்எம் பிரின்டிலிருந்து, அதுவும் டேப் மிச்சம் பிடிக்க மெதுவான ஈபி வேகத்தில். விஎச்எஸ்ஸின் வழக்கமான எஸ்பி வேகம் வினாடிக்கு 33.35 மி.மீ.; ஈபி 11.12 மி.மீ. இரண்டு மணி நேர டேப்பில் ஆறு மணி நேரம். ஏற்கெனவே அகலவாக்கில் 240 கோடு அளவுக்குத்தான் தெளிவு காட்டும் டேப்பில் தடங்களும் ஒடுங்கினால், கொஞ்சம் தேய்ந்த பிளேயரிலேயே ட்ராக்கிங், அதாவது தடத்தைப் பிடித்துப் போவது, தடுமாறும். அந்தப் படம் எவ்வளவு நேர்த்தியாக ஒளியமைக்கப்பட்டது என்பதே ஒரு தலைமுறைக்குத் தெரியாமல் போயிற்று. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகமும் ஃபிலிம் ஃபவுண்டேஷனும் அசல் கேமரா நெகட்டிவிலிருந்து மீட்டு, 2016-இல் திரையிட்ட பிறகுதான் அது துலங்கியது.

‘மைக் தெரிகிறது, பார்த்தாயா’ என்று சிரிப்பவர்களுக்காக ஒன்று. 35 எம்எம்மில் எடுத்த பல படங்கள் முழு ஃபிரேமும் பதிவாகும்படி சுடப்பட்டு, தியேட்டரில் மேலும் கீழும் மறைத்து 1.85:1 அகலத்தில், அதாவது உயரத்தைப்போல் 1.85 மடங்கில், காட்டப்படுபவை. பூம் மைக்கை அந்த மறைப்புக் கோட்டுக்கு மேலே நிறுத்துவார்கள். கேசட் போடுகிறவர், சதுரமான பழைய டிவியை நிரப்ப மறைப்பை எடுத்துவிட்டு முழு ஃபிரேமையும் மாற்றியிருப்பார். மைக் வந்து தலைகாட்டும். தப்பு இயக்குநருடையது அல்ல, டேப் போட்டவருடையது. இதற்கு நேர்மாறான தப்பும் உண்டு. 1.37:1-க்கென்றே ஃபிரேம் வைத்த 16 எம்எம் படத்தை, அகலத் திரையை நிரப்ப 1.85-க்கு வெட்டினால் உயரத்தில் கால் பங்குக்கு மேல் போய்விடும். நெற்றி போகும், தரையில் ஊர்ந்து வரும் கை போகும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்கிறதே என்று ரிமோட்டில் ‘ஜூம்’ அழுத்துகிறவர்கள் செய்வதும் இதே காரியம்தான்.

எந்த மூலத்திலிருந்து டிஸ்க் எடுத்திருக்கிறார்கள் என்பதை அட்டை சொல்லாவிட்டாலும் தூசி சொல்லிவிடும். நெகட்டிவில் ஒட்டிய தூசி ஒளியை மறைத்து, பிரதியில் வெள்ளைப் புள்ளியாக விழும். பிரின்டில் ஒட்டிய தூசி கறுப்பாகத் தெரியும். பிரின்டின் ரசாயனப் பூச்சு சுரண்டப்பட்டிருந்தால் பச்சைக் கோடு ஓடும். ரீல் முடியும் இடத்தில் வலது மேல்மூலையில் வட்டப்புள்ளி மின்னினால், அது பெரும்பாலும் தியேட்டருக்குப் போன பிரின்ட். படம் முழுக்க ரோஸ் பூத்து, பச்சையும் நீலமும் செத்திருந்தால் பழைய ஈஸ்ட்மன் கலர் பிரின்டின் சியான் சாயம் மங்கிவிட்டது. நெகட்டிவ், இன்டர்பாசிட்டிவ், டூப் நெகட்டிவ், பிரின்ட் என்று ஒவ்வொரு படி இறங்கும்போதும் நுணுக்கம் குறையும், கான்ட்ராஸ்ட் ஏறும். 16 எம்எம் படத்துக்கு அட்டையில் தேட வேண்டிய சொல் ‘ஏ/பி ரோல்’. வெட்டு ஒட்டுத் தெரியாமலிருக்க ஷாட்களை ஒன்றுவிட்டு ஒன்று இரண்டு ரோல்களில், நடுவில் லீடர் எனப்படும் படமில்லாத கறுப்பு ஃபிலிம் வைத்து அடுக்கியிருப்பார்கள். இரண்டையும் தனித்தனியே ஸ்கேன் செய்து கணினியில் கோர்க்க வேண்டும். சிரமமான வேலை, செய்தவர்கள் அதைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள்.

அந்த ரோல்கள் கிடைத்தாலும் நல்ல நிலையில் கிடைக்க வேண்டுமே. அசிடேட் ஃபிலிம் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளிவிடும், டப்பாவைத் திறந்தால் வினிகர் நெடி. வெளிவந்த அமிலமே சிதைவை மேலும் முடுக்கும், பக்கத்து டப்பாவுக்கும் பரவும். ஃபிலிம் சுருங்கும், வளையும், பற்சக்கரத்தில் உட்காராது. ஏ-டி ஸ்டிரிப் எனப்படும் காகிதத் துண்டை டப்பாவில் போட்டு வைத்தால் நீலம் பச்சையாகி மஞ்சளாகும். மஞ்சளுக்கு வந்துவிட்டால் தாமதிக்காமல் ஸ்கேன் செய்துவிட வேண்டும். இந்த நோயின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டு 2012-இல் தொடங்கிய ‘வினிகர் சிண்ட்ரோம்’ என்ற அமெரிக்க நிறுவனம், மற்றவர்கள் குப்பை என்று ஒதுக்கிய படங்களைத் தேடி ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறது. பிரிட்டனில் ‘ஏரோ வீடியோ’வும் இதே வழி.

ஸ்கேன் நன்றாக இருந்தும் டிஸ்க் கெடுவது கடைசிக் கட்டத்தில். ஃபிலிம் துகள் ஒவ்வொரு ஃபிரேமிலும் வேறு இடத்தில் இருக்கும். வீடியோவைச் சுருக்கும் மென்பொருளோ, முந்தைய ஃபிரேமில் மாறாததைத் திரும்ப எழுதாமல் மிச்சம் பிடித்து வாழ்வது. துகளுக்கு முன்னால் அதன் சாமர்த்தியம் பலிக்காது. 90 நிமிடப் படத்துக்கு சராசரி வினாடிக்கு 35 மெகாபிட் கொடுத்தால் படம் மட்டும் சுமார் 24 ஜிபி. 25 ஜிபி டிஸ்க்கில் ஒலிக்கும் மற்றதற்கும் இடம் இருக்காது, 50 ஜிபி டிஸ்க் வேண்டும். செலவு பார்த்துச் சிறிய டிஸ்க்கில் திணித்தால் இருட்டு மூலைகளில் துகள் கட்டம் கட்டமாக உறையும், மூடுபனி படிக்கட்டாக அடுக்கடுக்காகத் தெரியும். ஸ்ட்ரீமிங்கில் இதைவிட மோசம். இதற்குப் பயந்து சிலர் துகளையே மென்பொருளால் துடைத்துவிடுவார்கள். துகளோடு தோலின் துளையும், ரப்பர் முகமூடியின் விளிம்பும் போகும். மனிதர்கள் மெழுகு பொம்மையாவார்கள். சரிபார்க்க எளிய இடம் வெற்றுச் சுவர்: நிறுத்தாமல் ஓடவிட்டால் சுவரில் துகள் உயிரோடு மினுங்க வேண்டும். சுவர் அசையாமல் நிற்க முகம் மட்டும் நகர்ந்தால் துடைத்திருக்கிறார்கள்.

ஒலியைப் பற்றி யாருமே எழுதுவதில்லை. இந்தப் படங்களில் பெரும்பாலானவை மோனோ, ஒற்றைத் தட ஒலி. புதிதாகப் பல ஸ்பீக்கர்களுக்கான 5.1 ஆக்குகிறேன் என்று இடியும் கதவுச் சத்தமும் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டினால், படத்தின் மற்றெல்லாமும் ஒரு பக்கம், அந்தச் சத்தம் ஒரு பக்கமாக நிற்கும். மெனுவில் பழைய மோனோ தடம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். இரைச்சல் நீக்கம் அளவு மீறினால் மூச்சுச் சத்தம் போய்விடும். திகில் படத்தில் மூச்சு போனால் பாதிப் படம் போச்சு. வசனம் நின்ற மறுகணமே பின்னணிச் சீறல் பட்டென்று அறுந்தால் அப்படி நடந்திருக்கிறது. பழைய ஐரோப்பிய டிவிடி என்றால் இன்னொன்று: 24 ஃபிரேம் படத்தை 25-இல் ஓட்டுவதால் 90 நிமிடம் 86 நிமிடச் சொச்சமாகும், குரலும் சற்று மெலியும். ஓட்ட நேரம் குறைந்திருக்கிறதே என்று பதறி, வெட்டிய பிரதி என்று முடிவுகட்டிவிடக் கூடாது; முதலில் அசல் நேரத்திலிருந்து நாலு சதவீதத்தைக் கழித்துப் பாருங்கள்.

வீடியோவிலேயே எடுத்த படங்களுக்கு இந்த அளவுகோல் எதுவும் செல்லாது. நெகட்டிவே கிடையாது, மூலம் மேலிருந்து கீழாக 480 வரி கொண்ட டேப்தான். வினாடிக்கு 60 புலங்களாக, அதாவது அரை ஃபிரேம்களாகப் பதிவானதால் அசைவு வழவழவென்று டிவி நாடகம்போல் தெரியும். பழைய ட்யூப் கேமராவில் மெழுகுவர்த்தியை நகர்த்தினால் வால் நட்சத்திரம்போல் ஒளி இழுபடும். அது பழுதல்ல, அந்தக் காலத்துக் கண். அதைச் செயற்கை நுண்ணறிவால் 4கே ஆக்கியதாக விற்கிறார்களே, தூரத்து முகங்களில் கண் உருகியிருக்கும், சுவரில் எழுதிய எழுத்து எந்த மொழியும் இல்லாமல் நெளியும். 480 வரியை அப்படியே புளூரேயில் போட்டு, மிச்ச இடத்தைப் பேட்டிகளுக்கும், படக்காரர்கள் படத்தோடு கூடவே பேசும் வர்ணனைத் தடத்துக்கும் கொடுப்பவர்களே நேர்மையானவர்கள். நடுத்தர வகை ஒன்றும் உண்டு: ஃபிலிமில் சுட்டு, டேப்பில் எடிட் செய்தவை. அவற்றின் நெகட்டிவ் வெட்டப்பட்டதே இல்லை. உயர்தரத்தில் வேண்டுமென்றால் கேமரா ரோல்களைத் தேடி எடுத்து, பழைய டேப்பைப் பக்கத்தில் வைத்து, ஷாட் ஷாட்டாகப் படத்தை மறுபடி கட்ட வேண்டும்.

டிஸ்க்காக வராமலே போன படங்கள் இன்னும் டேப்பில்தான் இருக்கின்றன. பழைய கேசட் வைத்திருப்பவர்கள் முதலில் கண்ணாடி வழியே சுருளின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் பூஞ்சை. பிளேயரில் போடாதீர்கள், டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டுக்கும் போகும். சுத்தமாக இருந்தால் ஒருமுறை கடைசிவரை வேகமாக ஓட்டி, திரும்பச் சுற்றி, பிறகு ஓட்டுங்கள். இறுகிய சுருள் தளரும். ஹெட்டைத் துடைக்க ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த ஷாமாய் தோல் குச்சி. குச்சியை அசையாமல் பிடித்து, ஹெட் பதிந்த டிரம்மைத்தான் கையால் சுழற்ற வேண்டும். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் முனை உடையும். பஞ்சுக் குச்சி வேண்டாம், நூல் மாட்டும். கணினிக்கு மாற்றும்போது எஸ்-வீடியோ இணைப்பு வழியாக எடுத்து, நடுவில் வரிகளின் நேரத்தைச் சீராக்கும் டைம் பேஸ் கரெக்டர் கருவியை வையுங்கள். அது இல்லாமல் எடுத்தால் நேர்க்கோடுகள் கொடிபோல் அசையும், பிறகு எந்த மென்பொருளும் அதைச் சரியாக நிமிர்த்தாது. படத்தின் அடியில் ஓடும் கிழிசல் கோடு ஹெட் மாறும் இடம். பழைய டிவியில் அது திரை விளிம்புக்குள் மறைந்திருந்தது. கறுப்பால் மூடிவிடலாம், படத்தை இழுத்துப் பெரிதாக்கக் கூடாது.

டிவியிலும் ஐந்து நிமிட வேலை இருக்கிறது. மோஷன் ஸ்மூதிங், நாய்ஸ் ரிடக்ஷன் இரண்டையும் அணையுங்கள். ஷார்ப்னெஸைக் குறையுங்கள், ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அதுவே பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும். படத்தின் ஓரத்தை வெட்டிக் காட்டும் ஓவர்ஸ்கேனை நிறுத்துங்கள். இரவுக் காட்சி ஒன்றுமே தெரியவில்லை என்றால் பிரைட்னெஸை ஏற்றாதீர்கள், அறை விளக்கை அணையுங்கள். அப்போதும் கறுப்பு அடைத்துக்கொண்டு நின்றால் பிளேயரும் டிவியும் கறுப்பு-வெள்ளை அளவில் ஃபுல், லிமிடெட் என்று ஆளுக்கொரு அமைப்பில் இருக்கின்றனவா பாருங்கள்.

ரீஜன் பூட்டு விஷயத்தில் ஏமாறுகிறவர்கள் அதிகம். டிவிடிக்கு எண், புளூரேக்கு ஏ, பி, சி. 4கே டிஸ்க்குக்குப் பூட்டு கிடையாது என்று நம்பி வாங்கினால், அதே பெட்டியில் பேட்டிகள் இருக்கும் இரண்டாவது புளூரே டிஸ்க் பூட்டியிருக்கும். எண்ணிக்கை குறித்த அட்டை உறைக்காக அடித்துக்கொண்டு மறுவிற்பனையில் பல மடங்கு கொடுப்பது வீண்; பல வெளியீடுகளில் அதே டிஸ்க் சில மாதங்களில் சாதா உறையில் வந்துவிடுகிறது. காசை உறைக்குக் கொடுக்காமல் வர்ணனைத் தடமுள்ள பதிப்புக்குக் கொடுக்கலாம். பெரிய படங்களின் வர்ணனைகளில் ஒருவரையொருவர் பாராட்டிக்கொள்வார்கள். சிறு படக்காரர்களோ எத்தனை அடி ஃபிலிம் வீணானது, எந்த வீட்டுக்காரர் விரட்டினார், ரப்பர் ஏன் வேகவில்லை என்று சொல்லிக்கொண்டே போவார்கள்.

உங்கள் பக்கத்திடம் ஒரு கோரிக்கை. இனி இப்படி ஒரு டிஸ்க்கைப் பற்றி எழுதும்போது படம் பயமுறுத்தியதா, சிரிப்பு மூட்டியதா என்பதோடு நான்கு விவரங்களையும் சேர்த்து அச்சிடுங்கள்: எந்த மூலத்திலிருந்து ஸ்கேன் செய்தது, எந்த அகலத்தில் இருக்கிறது, ஓடும் நேரம் எத்தனை நிமிடம் எத்தனை வினாடி, அசல் மோனோ தடம் உண்டா. இரண்டு வரிக்குமேல் பிடிக்காது. கட்டுரையோடு நீங்கள் போட்ட ஸ்டில்லிலும் மேல் ஓரத்தில் மைக் தெரிகிறது. அது முழு ஃபிரேமாக மாற்றிய பழைய டேப்பிலிருந்து எடுத்தது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்